மூடிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆலை: அதிகாரிகளிடம் உருப்படியான பதில் வாங்குவது எப்படி?

ஏரிக்கரைவாசி:
ஊர் எல்லையில் சிமென்ட் ஷீட் ஆலை மூடிக் கிடக்கிறது. பின்பக்கம் உடைந்த ஷீட்டும் காய்ந்த சாம்பல் நிறச் சேறும் மேடாகக் குவிந்து, ஏரி வரத்துக் கால்வாய் வரை சரிந்திருக்கிறது. புகாருக்கு வந்த பதில்: "காற்றில் தூசு அளவு வரம்புக்குள் உள்ளது." அடுத்து என்ன செய்யலாம்?

மண்வாசி:
அந்தப் பதிலை ஏற்காதீர்கள். அவர்கள் அளந்தது பிஎம்10, அதாவது காற்றில் மிதக்கும் நுண்தூசியாகத்தான் இருக்கும். அது தூசியின் எடையைச் சொல்லும், ஆஸ்பெஸ்டாஸின் நுண்ணிய நார்களை எண்ணாது. 2009-இன் தேசியக் காற்றுத் தர அளவுகோலில் உள்ள 12 மாசுகளில் ஆஸ்பெஸ்டாஸே கிடையாது. இல்லாத வரம்புக்குள் எப்படி அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.

புதிய மனுவில் காற்றுச் சோதனையை முன்னால் வைக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் வந்து அளந்தால் ஒன்றும் சிக்காது. மேடு, காய்ந்த சேறு, கால்வாய் மண் மூன்றிலும் மாதிரி எடுத்து, நார் வகையை அடையாளம் காட்டும் போலரைஸ்டு லைட் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும், என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஊர்க்காரர் முன்னிலையில் சீல் வைத்து, மாதிரி எடுத்த விவரத்தைப் பதியும் மகஜரில் கையெழுத்தும் வாங்கட்டும். நீங்களே உடைத்து எடுக்க வேண்டாம். நார் மூச்சில் ஏறும். அந்த மாதிரியை எதிர்த்தரப்பும் ஒத்துக்கொள்ளாது.

கோப்புக்காரர்:
தகவல் உரிமைச் சட்ட (ஆர்டிஐ) மனுவில் "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். ஆவண நகல் கேளுங்கள். 2016 அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில், 15-ஆம் இனமாக ஆஸ்பெஸ்டாஸ் தயாரிப்புக் கழிவு இருக்கிறது. அதனால் ஆலை ஆண்டுதோறும் கழிவுக் கணக்கைப் படிவம் 4-இல் தாக்கல் செய்திருக்க வேண்டும், வெளியே அனுப்பிய ஒவ்வொரு லோடுக்கும் படிவம் 10 என்ற அனுப்புகைச் சீட்டு இருக்க வேண்டும். இரண்டையும் வருடவாரியாகக் கேட்டு, டன் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். உண்டான கழிவுக்கும் அனுப்பிய கழிவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மேடு. ஆலையை இயக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணை, ஆய்வு அறிக்கைகளையும் அதே மனுவில் சேருங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

வாய்தா:
பதிலுக்காகக் காத்திருந்தே பலர் கெடுவைத் தவறவிடுகிறார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் பிரிவு 14-இல் சுற்றுச்சூழல் வழக்குப் போட 6 மாதம்தான். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். நிலத்தைச் சீரமைக்கவும் இழப்பீட்டுக்கும் பிரிவு 15. அதற்கு 5 வருடம். மனுவில் 15-ஐயும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சென்னையில் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. வாரியத்தோடு கலெக்டரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுவார்கள். கூட்டு ஆய்வுக் குழு அமைக்கக் கேட்பதும் முக்கியம்.

ஏரிக்கரைவாசி:
அதற்குள் ஜேசிபி விட்டு மேட்டைச் சமன்படுத்தி, மேலே கிராவல் கொட்டப் போவதாகப் பேச்சு.

மண்வாசி:
இன்றே ஆட்சேபணை கொடுங்கள், கலெக்டருக்கும் வாரியத்துக்கும் ஸ்பீட் போஸ்டில். ஜேசிபி சக்கரம் ஏறினால் ஷீட் நொறுங்கி, சிமென்டில் கட்டுண்டிருந்த நார் வெளியே வரும். மெல்லிய கிராவல் மழைக்கு நிற்காது. ஜார்க்கண்டில் சாய்பாசா பக்கம் ரோரோ மலை ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தை 1983-இல் மூடிப் போனார்கள். விட்டுப்போன கழிவு மழையில் கீழே வயல்களுக்கு இறங்கியது. அதையே முன்னுதாரணமாகக் காட்டுங்கள். மாதிரி எடுக்கும்வரை மேட்டை யாரும் தொடக்கூடாது, தார்ப்பாய் போட்டு மூடி வேலி கட்ட வேண்டும் என்று கேளுங்கள். பிறகு அள்ளும்போதும் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல், தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, அபாயக் கழிவுக் கிடங்குக்குப் படிவம் 10-உடன்தான் போக வேண்டும். இப்போதே ஜிபிஎஸ், தேதியோடு நாலு திசையிலும் படம் எடுத்து வையுங்கள்.