எங்க வீட்டு ஆளுங்க: கணக்கில் 12

செல்வி (மாலை 6:41)
ராணி மதினி, இன்று பள்ளிக்கூடத்தில் பத்தாவது பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம். ரேங்க் கார்டு வாங்கி வந்தேன். அரையாண்டில் கார்த்திக் கணக்கில் 12. அறிவியல் 31. மற்றதில் எப்படியோ தப்பித்துவிட்டான்.

சண்முகம் (6:44)
12-ஆ? பக்கத்தில் ஒரு எண் அழிந்துபோச்சா என்று நன்றாகப் பார்த்தாயா?

செல்வி (6:45)
சும்மா இருங்க அத்தான். நானே நொந்துபோய் இருக்கிறேன்.

செல்வி (6:52)
மார்க்கை விடுங்கள். கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். இந்த வருஷம் நூறு சதவீதம் பாஸ் காட்டணுமாம். மூன்று பிள்ளைகள்தான் இடிக்கிறதாம். இவனுக்கு டிசி வாங்கிக்கொண்டு, அடுத்த வருஷம் தனித்தேர்வராக எழுத வையுங்களேன் என்றார்கள். வாசலில் போன வருஷத்து ஃபிளெக்ஸ் இன்னும் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

சண்முகம் (6:55)
அன்றைக்கே சொன்னேன், அஞ்சாவது முடிந்ததும் டவுனில் பிரைவேட் ஸ்கூலில் கொண்டுபோய்ச் சேர் என்று. யார் கேட்டீர்கள்? அக்காக்காரி திவ்யா அதே பள்ளியில் 471 எடுத்தாள். போன வருஷம் நூற்றுக்கு 93 பேர் பாஸ் என்று பேப்பரில் போட்டிருந்தானே, இவனுக்கு மட்டும் என்ன கேடு?

திவ்யா (7:03)
பெரியப்பா, அரசாங்கமே 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நம் வீட்டில்தான் இன்னும் நிறுத்தவில்லை 😄

திவ்யா (7:05)
டவுனில் சேர்த்திருந்தால் நான் இன்று கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்க முடியாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால்தான் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட். படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசு கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் மாதாமாதம் தனியாக வருகிறது.

சண்முகம் (7:06)
ஏழரை என்றாலே எங்கள் காலத்தில் சனிதான். சரி, நீ படித்தாய். அவன்?

திவ்யா (7:07)
அவன் எழுதட்டும், அப்புறம் பேசுவோம். அம்மா, கையெழுத்து எதுவும் போட்டுவிட்டாயா?

செல்வி (7:07)
இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ராணி அத்தை (7:26)
இப்போதுதான் விளக்கேற்றிவிட்டுப் போனைப் பார்க்கிறேன். செல்வி, எதிலும் கையெழுத்துப் போடாதே. மறுபடியும் கேட்டால், எழுத்தில் கொடுங்கள், சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீசில் காட்டிக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல். எழுதித் தரமாட்டார்கள். 31 வருஷம் டீச்சராக மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் சொல்கிறேன். ரிசல்ட் வந்ததும் "உங்கள் பாடத்தில் ஏன் ரெண்டு பெயில்?" என்று கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். அதற்காகப் பிள்ளையை வெளியே தள்ளுவதா?

ராணி அத்தை (7:29)
சண்முகம், 2025-இல் பத்தாவது எழுதினது 8,71,239 பேர். 93.80 சதவீதம் போக மீதி கிட்டத்தட்ட 54,000 பிள்ளைகள். அவர்களுக்கு ஜூலையிலேயே துணைத்தேர்வு வைத்தார்கள். அதில் தேறினால் அதே வருஷம் பிளஸ் ஒன். பெயிலானாலே ஒரு வருஷம் போகாதபோது, பெயிலாகும் முன்னாலேயே எதற்கு ஒரு வருஷத்தை விடணும்?

ராணி அத்தை (7:30)
கணக்குப் பேப்பரைப் போட்டோ எடுத்துப் போடு.

செல்வி (7:38)
📷 📷 📷 📷

ராணி அத்தை (7:51)
பார்த்தேன். ஒரு மார்க் கேள்வியில் 14-க்கு 6. இரண்டு மார்க்கில் மூன்று தொட்டு, மூன்றிலும் முதல் வரியோடு நின்றிருக்கிறான், கேள்விக்கு ஒன்றாக 3. வடிவியலில் 3. வரைபடம் பக்கமே போகவில்லை.

அந்த வடிவொத்த முக்கோணத்தைப் பாருங்கள். கீழே கதிர் இழுத்து ஏழு புள்ளியும் சமமாகக் குறித்திருக்கிறான். நாலாவது புள்ளியைச் சேர்த்துவிட்டான். ஏழாவதிலிருந்து இணைகோடு போடத்தான் வரவில்லை. அழித்து அழித்து அந்த இடத்தில் தாளே ஓட்டை. படிக்காத பயல் பேப்பர் இப்படி இருக்காது.

ராணி அத்தை (7:55)
வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 16. ஒரு மார்க்கில் ஒரு பத்து. 26. இரண்டு மார்க் கேள்வி ஐந்து ஒழுங்காகப் போட்டால் 36. பாஸுக்கு 35. ஐந்து மார்க் கேள்விகளை நான் இன்னும் எண்ணவே இல்லை. அறிவியலுக்குப் பயம் வேண்டாம், செய்முறைக்கு 25 இருக்கிறது, எழுத்தில் மட்டும் 20-க்குக் குறையக்கூடாது.

மணி மாமா (7:57)
அக்கா மீட்டர் போட்டு ஓட்டுகிறார்கள் 🙏

ராணி அத்தை (7:58)
நாளையிலிருந்து ஸ்கூல் விட்டதும் நேரே என் வீடு. மற்ற இரண்டு பிள்ளைகள் யார்?

செல்வி (8:02)
ஒருத்தன் மில்லுக்குப் போகிறவர் மகன். இன்னொன்று ஒரு பெண், தாத்தாவோடு இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம்.

ராணி அத்தை (8:02)
என்ன?

ராணி அத்தை (8:03)
மணி, காலையில் ஆட்டோவை எடு. உன் மகள் அங்கேதானே எட்டாவது படிக்கிறாள், நீயும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறாய். தாத்தாவையும் ஏற்றிக்கொண்டு போவோம்.

மணி மாமா (8:04)
எட்டரைக்கு வாசலில் நிற்பேன்.

*மறுநாள்*

மணி மாமா (காலை 10:48)
தாத்தா கையெழுத்துப் போட்ட பேப்பரைத் திருப்பி வாங்கியாச்சு. அக்கா சத்தம் போடவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, டிசிக்குக் காரணம் என்ன எழுதப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். தாத்தா ஆட்டோவில் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது சவாரிக் காசை நீட்டுகிறார் 😔

செல்வி (10:50)
வாங்கவில்லையே?

மணி மாமா (10:50)
போ அக்கா.

*எட்டு நாள் கழித்து*

செல்வி (இரவு 8:15)
நான் கார்த்திக். அத்தை, இன்றைக்கு வீட்டில் தனியாகப் போட்ட கிராஃப். 📷

ராணி அத்தை (8:19)
பரவளையம் நன்றாக வந்திருக்கிறது. ஒரே இடத்தில் அச்சைத் தொடுகிறது, மூலங்கள் மெய், சமம் என்று எழுதியிருக்கிறாய், சரி. வலது மேல் மூலையில் என்ன இல்லை?

செல்வி (8:20)
ஐயோ. அளவுத்திட்டம்.

ராணி அத்தை (8:20)
எட்டுக்கு 7 மார்க். அந்தத் தாத்தாவின் பேத்தி இன்றைக்கு அதை முதலிலேயே எழுதிவிட்டுத்தான் பென்சிலை எடுத்தது.

சண்முகம் (8:24)
டேய், கிராஃப் நோட்டு தீர்ந்தால் சொல்லு. நாளைக்கு டவுனுக்குப் போகிறேன்.

செல்வி (8:25)
காம்பஸும் பெரியப்பா. பழசு லூசாகி வழுக்குகிறது. ரெண்டு வாங்குங்க, அவளுக்கும் இல்லை.