புதுப்பிப்பு: சட்டியின் வாயில் மோகம் – விடை இதோ

போன வாரம் நானே கட்டிய ஒரு சங்கேதக் குறுக்கெழுத்துக் குறிப்பை (ஒரு பகுதி விடையின் பொருளைச் சொல்லும், மற்றது எழுத்து விளையாட்டால் அதே விடையைத் தரும்) போட்டு விடை கேட்டிருந்தேன்: "சட்டியின் வாயில் மோகம் வைத்தால் அடுப்படி வேலை (4)". சரி, விடை சமையல், நான்கு எழுத்து; 'அடுப்படி வேலை' அதன் பொருள். சட்டியின் வாய் அதன் முதல் எழுத்து ச, மோகத்துக்கு மையல், ஒட்டிப் பாருங்கள்.

பலர் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு மண்டையை உடைத்திருக்கிறீர்கள், ஆனால் கலைக்கச் சொல்லும் சொல் குறிப்பில் எங்கேயும் இல்லையே! தவிர தமிழில் 'மை' ஒரே கட்டம், ஆங்கிலம் மாதிரி உயிரையும் மெய்யையும் பிரித்துக் கலைக்க முடியாது, அதனால் இங்கே ஒட்டுவதும் வெட்டுவதும்தான் நன்றாக எடுபடும் என்பது என் கட்சி.

ஒருவர் பிடித்த குறை மட்டும் நியாயம். 'வாயில்' என்றால் உள்ளே வைப்பது, ஒற்றை எழுத்துக்குள் எதை வைப்பது? "சட்டியின் வாயோடு மோகம் சேர்ந்தால்" என்று மாற்றிவிட்டேன். அழகு கொஞ்சம் போய்விட்டது, என்ன செய்ய.

அப்புறம், 'தி இந்து' ஆங்கில நாளிதழின் முதல் குறுக்கெழுத்துப் புதிர் ஆசிரியர் யார் என்று கேட்டிருந்தீர்கள். 1971இல் கட்டத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ராம்தாஸ் கட்டாரி.