'தரப்படுத்தல்' வேண்டாம், 'சல்லடைப் பரவல்' என்போம்

வணக்கம்.

கொங்கிரிட்டுக்கான கல்லில் எந்தெந்த அளவு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் 'கிரேடிங்' என்பார்கள். அதற்குத் தமிழில் 'தரப்படுத்தல்' என்று இங்கே ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். அன்புகூர்ந்து அதை விட்டுவிடுவோம். அந்தச் சொல்லால் ஒரு வேலை கெட்டதைப் பினாங்கில் நேரில் பார்த்தவன் நான்.

படகுத்துறைத் தூண் ஒன்றைச் சுற்றி அச்சுப்பலகை கட்டி, முதலில் கருங்கல்லை நிரப்பி, பிறகு அடியிலிருந்து குழாய்வழி சிமெண்டுக் கூழைச் செலுத்தும் வேலை. கூழ் ஏற ஏறக் கடல்நீர் மேலே போய்விடும். அமெரிக்காவில் 1957இல் திறந்த மெக்கினாக் பாலத்தின் நீரடித் தூண்களும் இம்முறையில் எழுந்தவைதான். தொழிலாளர்களுக்கு நான் எழுதிய தமிழ்க் குறிப்பில் 'தரப்படுத்திய கல்' என்றிருந்தது. 'தரமான கல்' என்றுதான் மேற்பார்வையாளர் புரிந்துகொண்டார். வழக்கமான கொங்கிரிட்டுக்கு எது நல்லதோ அதையே, பெரிதும் சிறிதும் பொடியுமாகக் கலந்ததை, இறக்கினார். கூழ் பாதியில் அடைத்துக்கொண்டது. பலகையைப் பிரித்தால் உள்ளே கூழ் போய்ச் சேராத ஓட்டைகள், 'தேன்கூடு' என்பார்களே, அது.

வழக்கமான கற்காரையில், அதாவது கொங்கிரிட்டில், பெரிய கல்லின் இடுக்கைச் சிறிய கல் அடைப்பது நல்லது, சிமெண்டு மிச்சம். இங்கே அந்த இடுக்குதான் கூழுக்கு வழி. அதனால் பொதுவாக 12 மி.மீ.க்குக் கீழ்ப்பட்ட கல்லைத் தவிர்ப்பார்கள். கூழிலுள்ள மணலோ ஏறத்தாழ 2 மி.மீ.க்குள் நிற்கும். நடு அளவுகளே கிடையாது. அதற்கு விலை உண்டு: நிரப்பில் சுமார் 40 விழுக்காடு இடுக்காகிவிடும், கூழ் கூடுதலாகச் செலவாகும். ஆனாலும் கல்லோடு கல் முட்டி நிற்பதால், காயும்போது சுருக்கம் குறைவு.

ஆக, ஒரே கலவை ஓரிடத்தில் நல்லது, இன்னோரிடத்தில் கேடு. 'தரம்' என்ற சொல் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. 'சல்லடைப் பரவல்' என்றால் எந்தச் சல்லடையில் எவ்வளவு நின்றது என்பது மட்டும்தான். புள்ளியியல் பாடநூல்களில் 'பரவல்' ஏற்கெனவே உண்டு. எல்லா அளவும் இருந்தால் 'தொடர் பரவல்', நடுவில் விட்டிருந்தால் 'இடைவிட்ட பரவல்'.

கூழ் செலுத்திய கற்காரைக்குப் 'புகட்டுக்கற்காரை' என்பேன். 'ஊட்டு' என்றும் சொல்லலாம். ஆனால் 'புகட்டு' என்பது 'புகு' என்பதன் பிறவினை, இடுக்குக்குள் புகச் செய்வதை அப்படியே சொல்கிறது. அந்தக் கூழ் 'புகட்டுக்கூழ்'. இடுக்கை 'வெற்றிடம்' ஆக்க வேண்டாம், இயற்பியலில் அதற்கு வேறு பொருள்.

'தேன்கூடு' மட்டும் தொழிலாளர்கள் சொல்கிறபடியே இருக்கட்டும்.