நாற்பது லட்சம் கார் லோன்: ஷோரூம் கணக்கும் எங்கள் வீட்டு நோட்டுக் கணக்கும்

கோத்தகிரியிலிருந்து:

போன மாதம் நானும் மனைவியும் கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தோம். ஜெர்மன் வண்டி வாங்க வேண்டும் என்பது எனக்கு இருபது வருட ஆசை. கீழே இருந்த மனை ஒன்றை விற்ற பணம் 70 லட்சம் எஃப்.டி.யில் இருக்கிறது. முழுவதும் கொடுத்து எடுத்துவிடலாம் என்றுதான் கிளம்பினோம்.

வண்டியின் எக்ஸ்-ஷோரூம் விலை 50 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போகும் புதுக் காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம், அதாவது 10 லட்சம். டி.சி.எஸ். (விற்பவர் நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) ஒரு சதவீதம், 50,000. அதை மட்டும் வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸும் மற்றதும் சேர்த்து 2 லட்சம். ஆக ரோட்டுக்கு வரும்போது 62.5 லட்சம்.

அங்கிருந்த தம்பி மரியாதையான பையன். "சார், எஃப்.டி.யை எதுக்கு உடைக்கிறீங்க? 40 லட்சத்துக்கு லோன் போடுங்க. 9 சதவீதம், 5 வருஷம். மொத்த வட்டியே 9.82 லட்சம்தான். அந்த 40 லட்சம் எஃப்.டி.யில் 7 சதவீதத்தில் இருந்தா 16.59 லட்சம் வட்டி வரும். வண்டியும் கிடைக்குது, ஆறே முக்கால் லட்சம் லாபமும் கிடைக்குது" என்றார். கால்குலேட்டரை எங்கள் பக்கம் திருப்பியும் காட்டினார். இரண்டு எண்களும் சரி. வங்கியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தாலும் அதேதான் வரும். எனக்குக் கை குறுகுறுத்தது, கையெழுத்தே போட்டிருப்பேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து இலைக் கணக்கு எழுதுவது மனைவிதான். ஃபேக்டரிக்குப் போன பச்சை இலை எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு பிடித்தார்கள், ஆள் கூலி எவ்வளவு என்று எல்லாம் ஒரு நீளமான நோட்டில் இருக்கும். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மாசம் 83,033 ரூபாய் இஎம்ஐ கட்டணுமே, அது எந்தப் பணம்? அதுவும் நம்ம பணம்தானே? லோன் இல்லைன்னா அதையும் மாசாமாசம் போட்டு வைக்கலாமே, அதுக்கு வட்டி வராதா?"

அந்தத் தம்பிக்குப் பதில் தெரியவில்லை. வண்டியில் மலை ஏறும்போது எனக்கும் தெரியவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து போட்டோம். முதல் வழி: 40 லட்சம் எஃப்.டி.யில் இருக்கிறது, இஎம்ஐ கைக்காசிலிருந்து போகிறது. ஐந்து வருடம் கழித்து கையில் 56.59 லட்சம். இரண்டாவது வழி: 40 லட்சத்தையும் வண்டிக்குக் கொடுத்துவிட்டு, அதே 83,033 ரூபாயை மாதாமாதம் அதே 7 சதவீதத்தில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போடுகிறோம். ஐந்து வருடம் கழித்து 59.38 லட்சம். லாபம் என்று காட்டிய இடத்தில் 2.79 லட்சம் நஷ்டம் இருக்கிறது. வட்டிக்கு வரி கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் கூடும். எஃப்.டி. வழியில் வரிக்கு உட்படும் வட்டி 16.59 லட்சம், ஆர்.டி. வழியில் 9.56 லட்சம்தான்.

யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 9 சதவீதத்துக்கு வாங்கி 7 சதவீதத்துக்குக் கொடுத்தால் எப்படி மிஞ்சும்? லோனில் அசல் மாதாமாதம் குறைகிறது, அதனால் வட்டித் தொகை சின்னதாகத் தெரிகிறது. எஃப்.டி.யில் அசல் அப்படியே நிற்கிறது, அதனால் பெரிதாகத் தெரிகிறது. குறைந்துகொண்டே போகும் கடனையும் முழுசாக நிற்கும் டெபாசிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் ஏமாறத்தான் செய்யும்.

இன்னும் வண்டி எடுக்கவில்லை. லோனில் எடுத்தவர்கள், மொத்தமாகக் கொடுத்தவர்கள் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

கூடலூரிலிருந்து:

அண்ணா, அண்ணி கேட்ட கேள்வியை எனக்கும் யாராவது கேட்டிருக்கலாம். நான் எடுத்தது பழைய சொகுசு வண்டி, 12 லட்சம் ஃபைனான்ஸ். "7 சதவீதம்தான்" என்றார்கள். வங்கியில் புது வண்டிக்கே 9 கேட்கும்போது இங்கே 7 என்றதும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். அது ஃப்ளாட் ரேட். 12 லட்சத்துக்கு வருடம் 84,000, ஐந்து வருடத்துக்கு 4.2 லட்சம் என்று முதல் நாளே மொத்த வட்டியையும் ஏற்றிவிடுகிறார்கள். இஎம்ஐ 27,000. குறையும் அசலுக்கு 7 சதவீதம் என்றால் 23,761தான் வந்திருக்க வேண்டும். வங்கி முறையில் போட்டால் நான் கட்டியது 12.5 சதவீதம். "ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. கடன் முடிந்ததும் பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸ் கொடுக்கும் என்ஓசியை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டேன். வண்டியை விற்கப் போகும்போது ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருந்தது. ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 35 கொடுத்து அதை நீக்க வேண்டும். என்ஓசி பழசாகிவிட்டது, புதிதாக வாங்கி வா என்றார்கள். அதற்கு மட்டும் இரண்டு மாதம் அலைந்தேன்.

ஊட்டியிலிருந்து:

நான் சொந்தமாகப் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். தொழிலுக்குப் பயன்படும் வண்டி என்றால் வட்டியைச் செலவாகக் காட்டலாம், வண்டி மதிப்பு குறைவதற்காக வருடம் 15 சதவீதம் தேய்மானமும் கழிக்கலாம். தேய்மானம் கடன் வாங்காமல் எடுத்தாலும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. அண்ணா, உங்களுக்கு இது பொருந்தாது. பச்சை இலை விற்ற பணம் விவசாய வருமானம், அதற்கு வரியே இல்லாதபோது கழிக்க என்ன இருக்கிறது? சம்பளக்காரர்களுக்கும் கார் லோன் வட்டியில் சலுகை கிடையாது.

என்னிடம் காட்டியது வேறு மாதிரி. அதே 40 லட்சம், 9 சதவீதம், 5 வருடம், ஆனால் இஎம்ஐ 56,517தான். எப்படி என்றால் கடைசியில் 20 லட்சத்தை ஒரே தவணையாகக் கட்ட வேண்டும். பலூன் என்கிறார்கள். பாதி அசல் ஐந்து வருடமும் அசையாமல் நிற்பதால் மொத்த வட்டி 13.91 லட்சம் ஆகிவிடுகிறது. "அந்த நேரம் வண்டியை வித்துக் கட்டிடலாம் மேடம்" என்றார்கள். ஐந்தாவது வருடத்தில் இன்சூரன்ஸ்காரர்கள் வண்டி மதிப்பில் 50 சதவீதம் கழித்துத்தான் ஐடிவி (இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு) போடுகிறார்கள். 50 லட்சம் வண்டி அவர்கள் கணக்கில் 25 லட்சம். சந்தையில் அதுவும் கிடைக்குமா என்று யோசித்தேன், எடுக்கவில்லை.

குன்னூரிலிருந்து:

தம்பி, நான் மொத்தமாகக் கொடுத்தவன். ரொக்கம் என்றால் பணக்கட்டு இல்லை, வங்கி மூலம்தான். 2 லட்சமோ அதற்கு மேலோ கையில் நோட்டாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழும். ஒரே தடவையில் கொடுக்கிறோமே, விலை குறைப்பார்கள் என்று நினைத்தேன். குறைக்கவில்லை. லோன் போட்டுக் கொடுத்தால் வங்கியிலிருந்து ஷோரூமுக்குக் கமிஷன் வரும், என்னால் அவர்களுக்கு அது போச்சு.

அது பரவாயில்லை. கணக்கில் மூன்று லட்சத்தை மட்டும் வைத்துவிட்டு மீதி எல்லாவற்றையும் கொடுத்தேன், அதுதான் தப்பு. ஆறு மாதத்தில் ஐப்பசி மழை. ராத்திரி ஒன்றரை மணிக்கு வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் சரிந்தது. காலையில் பார்த்தால் சமையலறை ஜன்னல் வரை செம்மண். 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்தவர்களுக்கு அந்த மண் வாசனையே பயம். சுவரைத் திரும்பக் கட்ட 8 லட்சம் தேவைப்பட்டது. பர்சனல் லோன், 14 சதவீதம், மூன்று வருடம். வட்டி மட்டும் 1.84 லட்சம். வாசலில் அவ்வளவு விலை வண்டி நின்றது, சிமெண்ட் மூட்டைக்குக் கடன் வாங்கினேன்.

மலையில் இருக்கிறவர்கள் கையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வண்டி எடுக்கக் கூடாது தம்பி.

மறுபடி கோத்தகிரியிலிருந்து:

சார், நீங்கள் எழுதியதை இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் சுவர் இருக்கிறது. மொத்தமாகக் கொடுத்தால் எங்களிடம் மிஞ்சுவது 7.5 லட்சம்.

அதனால் இப்போது யோசிப்பது இது: 10 லட்சம் மட்டும் கடன், மூன்று வருடம், 9 சதவீதம், அதுவும் குறையும் அசல் முறையில். இஎம்ஐ 31,800. இலை விலை இறங்கினாலும் எங்களுக்கு வரும் கடை வாடகையிலேயே கட்டிவிடலாம். மொத்த வட்டி 1.45 லட்சம். 17.5 லட்சம் எஃப்.டி.யிலேயே இருக்கும், அதன் வட்டி இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். பணம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதற்கு இந்தத் தொகையைக் கொடுக்க எங்களுக்குச் சம்மதம். முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மனைவி இப்போதே எழுதிவிட்டாள்: "36ஆவது மாதம், படிவம் 35."