ஜெர்மனியில் வீட்டுக்கு இணையம் வாங்கியவர்கள்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

ஸ்டுட்கார்ட்

புதிதாக ஜெர்மனி வருகிறவர்கள் எல்லாரும் வீடு கிடைப்பதைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். சாவி கைக்கு வந்த பிறகு இணையத்துக்காகப் படுகிற பாட்டை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

ஊரில் என்றால் கேபிள்காரருக்கு ஒரு போன் போட்டால் போதும், ஓரிரண்டு நாளில் ஆள் வந்து வயரை இழுத்து மோடத்தை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இங்கே ஆன்லைனில் விண்ணப்பித்தால் சில வாரம் தள்ளி ஒரு தேதி தருகிறார்கள், அன்றைக்குக் காலை 8 மணியிலிருந்து யாராவது ஒருவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். யாரும் வரவில்லை. சாயந்திரம் ஒரு குறுஞ்செய்தி: எங்கள் பணியாளர் வந்தார், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. நான் நாள் முழுக்க முன்னறையில்தான் உட்கார்ந்திருந்தேன், மணி அடிக்கவே இல்லை. படித்ததும் அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது, கீழே வாசலில் மணிக்குப் பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். பெயரை மாற்றச் சொல்லி வீட்டு நிர்வாகத்துக்குச் சாவி வாங்கிய அன்றே எழுதிக் கொடுத்திருந்தோம், அவர்கள் மாற்றவில்லை. அடுத்த தேதிக்குள் மாற்றினார்கள், அதிலும் ஒரு சிக்கல். என் கணவருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலி, நம் ஆட்கள் பலருக்கும் அப்படித்தான். இணைய நிறுவனத்தின் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது என்பதால் அங்கே மாமனார் பெயர் போயிருந்தது, வாடகை ஒப்பந்தத்தில் இவர் பெயர் மட்டும். ஆக மணியில் ஒருவர் பெயர், பணியாளர் கையில் இருக்கிற தாளில் இன்னொருவர் பெயர். ரவுட்டர் பார்சலும் இதே காரணத்தால் திரும்பிப் போனது.

கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பெயரையும் பெரிதாக எழுதி, எத்தனையாவது மாடி, இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் சேர்த்து மணிக்கு மேலே செலோடேப் போட்டு ஒட்டினேன். தபால் பெட்டியிலும் ஒன்று. அன்றைக்கு வந்தவர் நேராக மேலே வந்தார், வந்ததும் முதல் கேள்வி, 'கெல்லர் சாவி இருக்கிறதா?' தெருவிலிருந்து வருகிற தொலைபேசிக் கம்பிகள் கீழே கெல்லரில், அதாவது நிலவறையில், ஒரு சாம்பல் நிறப் பெட்டியில் வந்து சேர்கின்றன, அதைத் திறக்காமல் மேலே ஒன்றும் செய்ய முடியாது. நல்ல வேளை, கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்மைஸ்டர் அன்று அங்கே இருந்தார். எங்கள் வீட்டுச் சாக்கெட்டில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டுக் கீழே இறங்கி, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஜோடிக் கம்பியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். எங்களுடைய ஜோடியைத் தொட்டதும் கையிலிருந்த பெட்டி கீச்சென்று கத்தியது. அதைப் பிரித்து வேறொரு இடத்தில் செருகினார், அவ்வளவுதான், வேலை முடிந்தது.

ஆகவே சாவி வாங்கும்போதே மணியில் பெயர், தபால் பெட்டியில் பெயர், கெல்லருக்கு வழி, இந்த மூன்றையும் கேட்டு முடித்துவிடுங்கள். முன்பு குடியிருந்தவர் பெயரும் தெரிந்தால் நல்லது, சில விண்ணப்பங்களில் கேட்பார்கள், எந்தக் கம்பி எந்த வீட்டுக்கு என்று தேட அது உதவும்.

மியூனிக்

அக்கா, அவர்கள் வராமல் போன அந்த நாளுக்குப் பணம் கேளுங்கள். 2021 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிற தொலைத்தொடர்புச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது: சொன்ன நேரத்துக்கு ஆள் வராவிட்டால் 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. நீங்கள் வீட்டில் இருந்தீர்கள், மணியில் பெயர் இல்லாதது உங்கள் குற்றம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

எனக்கு நடந்தது வேறு. இணையம் முழுக்கப் போய்விட்டது, ரவுட்டரில் டிஎஸ்எல் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன். ஹாட்லைனில் கூப்பிட்டால் எண்ணை அமுக்கு, பாட்டைக் கேள், பிறகு ஒருவர் வந்து வேகமான ஜெர்மனில் ஏதோ சொல்வார். ஆங்கிலத்தில் பேசலாமா என்றால் 'இங்கே ஜெர்மன் மட்டும்தான்' என்பார். ஒருவர் நாளைக்குச் சரியாகிவிடும் என்றார், இன்னொருவர் உங்கள் பக்கம் புகாரே பதிவாகவில்லை என்றார். எனக்கு ஜெர்மன் ஓரளவு வரும், ஆனால் கோபத்தில் இருக்கும்போது அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

அன்றோடு போன் பேசுவதை நிறுத்தினேன். அவர்களுடைய இணையப் பக்கத்தில் கைபேசி டேட்டாவில் போய்ப் பழுது என்று பதிவு செய்தேன், எண் வந்தது, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், அதே எண்ணைப் போட்டு மின்னஞ்சலும் அனுப்பினேன். எழுத்து என்றால் நிதானமாக அகராதி பார்த்து, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, ஜெர்மன்கார நண்பர் ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்பலாம். எழுதும்போது அவர்களுக்குச் சமமாக நிற்க முடிகிறது, போனில் முடியவில்லை, நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட முக்கியமான யோசனை என்னிடம் இல்லை. சட்டமும் புகார் போய்ச் சேர்ந்த நேரத்திலிருந்துதான் நாளை எண்ணுகிறது. இரண்டு நாளுக்குள் சரி செய்யாவிட்டால் 3ஆம், 4ஆம் நாளுக்கு நாளொன்றுக்கு 5 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 10 சதவீதம், 5ஆம் நாளிலிருந்து 10 யூரோ அல்லது 20 சதவீதம், இதிலும் எது அதிகமோ அது. முழுக்க நின்றுபோனால்தான் இந்தக் கணக்கு, மெதுவாக வந்தால் வேறு வழி.

விடுமுறை சேர்ந்துகொண்டதால் எனக்கு ஒரு வாரத்தையும் தாண்டிவிட்டது. பழுது சரியானதும் 'எங்கள் நல்லெண்ணமாக' என்று ஒரு சிறு தொகையைக் கழிப்பதாக எழுதினார்கள். நான் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, நாள் வாரியாகக் கணக்குப் போட்டு, இத்தனை யூரோ, இந்தத் தேதிக்குள் என்று பதில் எழுதினேன். அடுத்த பில்லில் முழுத் தொகையும் கழிந்திருந்தது. அது எனக்கு உரிமையாக வர வேண்டிய பணம், அவர்களுடைய நல்லெண்ணத்துக்கு நான் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?

டோர்ட்மண்ட்

தம்பி எழுதினது சரி. நான் 80களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், அப்போது இங்கே டெலிபோன் என்றால் தபால் இலாகாதான், வேறு ஆள் இல்லை. 1998 ஜனவரி 1க்குப் பிறகுதான் மற்றக் கம்பெனிகளும் சந்தைக்கு வந்து, எண்ணுக்கு முன்னால் 010 என்று தொடங்கும் இலக்கங்களைப் போட்டு ஊருக்குக் குறைந்த காசில் கதைக்கலாம் என்று வந்தது. எந்த இலக்கம் இன்றைக்கு மலிவு என்று கோயிலில் ஆளுக்காள் விசாரிப்போம். போட்டி வந்தது எங்களுக்கு நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் போட்டியோடு கதவைத் தட்டுகிற ஆட்களும் வந்தார்கள், அதைத்தான் எழுத வந்தேன்.

2024 ஜூன் 30 வரை வீட்டுக்காரர் கேபிள் டிவிக் காசை வாடகையோடு சேர்ந்த செலவுக் கணக்கில் போடக்கூடியதாக இருந்தது. அதற்குப் பிறகு முடியாது, அவரவர் தனியாக ஒப்பந்தம் செய்ய வேணும். இந்த மாற்றம் வந்த நேரத்தில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள், கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். கேபிள் இணைப்பைச் சோதிக்க வந்திருக்கிறோம், மாற்றாவிட்டால் டிவி நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். மனைவி தனியாக இருந்தா. வந்து பார்த்ததற்கு அடையாளமாக ஒரு கையெழுத்து என்று கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். பிறகு கடிதம் வருகிறது, 24 மாதத்துக்கு இணையமும் டிவியும் எடுத்ததற்கு வாழ்த்துக்கள் என்று! அதோடு எங்கள் பழைய இணைய ஒப்பந்தத்தை ரத்துச் செய்யவும் எங்கள் பெயரில் எழுதிப்போட்டிருக்கிறார்கள்.

மனைவி இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை. நான் அவவுக்குச் சொன்னேன், வாசலில் வைத்து வாங்கின கையெழுத்தை 14 நாளுக்குள் காரணம் ஒன்றும் சொல்லாமல் திருப்பி எடுக்கலாம், அது இங்கே சட்டம். பேத்தி இருந்து கடிதம் எழுதினா, நாலே வரி: இந்த ஒப்பந்தத்தை நான் மீளப் பெறுகிறேன், பழைய கம்பெனிக்கு அனுப்பின ரத்தும் செல்லாது, எழுத்தில் உறுதி செய்யுங்கள். பதிவுத் தபாலில் போட்டோம், ரசீதைக் கோப்பில் வைத்தோம், பழைய கம்பெனிக்கும் ஒரு பிரதி. உறுதிக் கடிதம் வந்தது. எதையும் கையெழுத்திட முதல் ஒரு சுருக்கத் தாள் தர வேணும் என்றும் சட்டம் இருக்கு, விலை, காலம், வேகம் எல்லாம் அதில் இருக்கும். அதைத் தராமல் கையெழுத்துக் கேட்கிறவரை வாசலுக்கு உள்ளே விடாதேங்கோ. வயதான ஆட்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கோ, பயப்படுத்தித்தான் வாங்குகிறார்கள்.

ஆஹன்

மாணவர்களுக்காக ஒன்று. வந்த புதிதில் என் விண்ணப்பத்தை நிராகரித்தார்கள், காரணம் எழுதவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு ஷூஃபா என்கிற கடன் தகவல் நிறுவனத்தில் கடன் வரலாறு என்று ஒன்றுமே இருக்காது, அதனாலும் சில இடங்களில் இப்படி ஆகும் என்று சீனியர்கள் சொன்னார்கள். வேறொரு நிறுவனம் கொடுத்தது. அதுவரை ப்ரீபெய்டு சிம் டேட்டாவில்தான் வகுப்பு. 24 மாதம் என்று பயந்தால் மாதாமாதம் நிறுத்தக்கூடிய திட்டமும் சில நிறுவனங்களில் உண்டு, தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள். 24 மாதம் முடிந்த பிறகு பழைய காலம் மாதிரி இன்னொரு வருஷம் மாட்டிவிட முடியாது, ஒரு மாத அறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம்.

பெர்லின்

மெதுவாக வருகிற இணையத்துக்கும் வழி இருக்கிறது, மியூனிக் நண்பர் தொட்டுவிட்டுப் போனதை நான் முடிக்கிறேன். எங்களுக்கு விற்றது 250 மெகாபிட், சாயந்திரம் ஆனால் அதில் பாதிகூட வராது. ஹாட்லைனில் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்பார்கள், போட்டாலும் அதே கதைதான்.

தொலைத்தொடர்பைக் கண்காணிக்கிற அரசு அலுவலகமான பண்டெஸ்நெட்ஸ்ஏஜென்டூர் இதற்கென்றே ப்ரைட்பாண்ட்மெஸ்ஸுங் என்று ஒரு இலவச மென்பொருள் வைத்திருக்கிறது. கணினியில் போட்டு, ரவுட்டரோடு கேபிளில் இணைத்து அளக்க வேண்டும், வைஃபையில் எடுத்தது செல்லாது. மூன்று நாளில் மொத்தம் 30 அளவு, இடைவெளியை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். முடிவில் ஓர் அறிக்கை வரும், ஒப்பந்தத்தில் எழுதிய வேகம் கிடைக்கவில்லை என்று அதில் இருந்தால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது ஒப்பந்தத்தையே முறிக்கலாம். நான் அந்த அறிக்கையை இணைத்து ஒரு கடிதம் எழுதினேன், எனக்குக் கட்டணத்தைக் குறைத்தார்கள். அதற்கு முன் எத்தனையோ முறை பேசியும் நடக்காதது. கடிதத்துக்கும் மசியவில்லை என்றால் அதே அலுவலகத்தில் சமரசக் குழு இருக்கிறது, நமக்குச் செலவு இல்லை. ஊருக்கு ஊர் ஃபெர்பிராவுஹர்சென்ட்ராலெ என்ற நுகர்வோர் மையமும் உண்டு.

கோயம்புத்தூர், முன்பு ஃபிராங்க்ஃபர்ட்

ஊர் திரும்புகிறவர்கள் இதைப் படியுங்கள், இது பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு ஒப்பந்தம் முடிய நிறைய மாதம் பாக்கி இருக்கும்போதே கிளம்ப வேண்டி வந்தது. மீதி மாதத்துக்கும் கட்ட வேண்டும் என்று நிறுவனம் எழுதியது. மியூனிக் தம்பி சொன்ன அதே தொலைத்தொடர்புச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, நீங்கள் போகிற இடத்தில் அவர்களால் சேவை தர முடியாவிட்டால் ஒரு மாத அறிவிப்பில் விலகலாம் என்கிறது. கோயம்புத்தூரில் அவர்களால் தர முடியாது. பிரிவைக் காட்டி எழுதினேன், விலகல் கடிதத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டு விமான டிக்கெட்டையும் இணைத்தேன். அவர்கள் கேட்ட ஆதாரம் இந்த முகவரியை விட்டுப் போகிறோம் என்று பதிந்ததற்கு நகராட்சி தருகிற ஆப்மெல்டுங் சான்றிதழ், அதைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் வாங்க முடியும். கிடைத்த அன்றே அதையும் அனுப்பினேன், ஒப்புக்கொண்டார்கள்.

வங்கிக் கணக்கை உடனே மூடாதீர்கள். கடைசி பில் வந்து கழித்து முடியும்வரை கொஞ்சம் பணத்தோடு திறந்து வையுங்கள், இல்லையென்றால் பணம் எடுக்க முடியாமல் நினைவூட்டுக் கடிதம், அதற்கு ஒரு கட்டணம், பிறகு வசூல் நிறுவனம் என்று போகும், கடிதங்களோ பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

வாடகை ரவுட்டரைத் திருப்பி அனுப்பிய ரசீதுதான் என்னைக் காப்பாற்றியது. இங்கே வந்து பல மாதம் கழித்து, ரவுட்டர் வந்து சேரவில்லை, அதன் விலையைக் கட்டுங்கள் என்று மின்னஞ்சல். பார்சல் கொடுத்தபோது தபால் கடையில் தந்த அந்தச் சின்ன ரசீதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன், கண்காணிப்பு எண் தெளிவாகத் தெரிந்தது. ரவுட்டரின் அடியில் இருக்கிற வரிசை எண்ணையும், அதைப் பெட்டிக்குள் வைத்த கோலத்தையும் படம் எடுத்திருந்தேன். மூன்றையும் அனுப்பினேன், கோரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். அந்தத் தாள் மங்கிப்போகிற ரகம், கட்டாயம் படம் எடுத்துவிடுங்கள்.

ஸ்டுட்கார்ட்

மியூனிக் தம்பி, நீங்கள் சொன்ன மாதிரி எழுதி அனுப்பிவிட்டேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். கோயம்புத்தூர் அண்ணாவிடம் ஒரு கேள்வி: எங்கள் தோழி அடுத்த மாதம் ஊருக்குப் போகிறாள், அதே வீட்டுக்கு நம் ஆட்களே வருகிறார்கள். இணைப்பை அப்படியே அவர்கள் பெயருக்கு மாற்ற முடியுமா?

கோயம்புத்தூர், முன்பு ஃபிராங்க்ஃபர்ட்

நிறுவனம் ஒப்புக்கொண்டால் முடியும், அதைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட படிவம் கேட்பார்கள். மாற்றியாயிற்று என்ற உறுதி எழுத்தில் வரும்வரை உங்கள் தோழி விலகல் கடிதத்துக்கான தேதியைத் தவறவிட வேண்டாம். ஒரு மாதக் கணக்கு என்பதால் அதை இந்த வாரமே எழுதச் சொல்லுங்கள், மாற்றம் நடந்துவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது பற்றி அவர்களிடமே எழுதிக் கேட்கலாம்.