கோயர்ஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

திங்கட்கிழமை செய்முறை வகுப்பு. புள்ளியியலுக்கான கணினி மொழியான ஆர் மொழிக்குத் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், 'கோயர்ஷன்' என்ற சொல்லில் வந்து நிற்கிறது. தரவை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு, எழுத்திலிருந்து எண்ணுக்கு என்பதுபோல, மாற்றுவது அது. குடும்ப வருமானத் தரவை எக்செல்லில் இருந்து சிஎஸ்வியாக்கி (வெறும் உரைக்கோப்பாக்கி) ஏற்றுகிறோம். நெடுவரிசையில் '1,24,500' என்று கமா போட்டிருக்கிறது. விடுபட்ட இடத்தில் வெறும் கோடு. ஒரே ஒரு கோடு இருந்தாலும் போதும், நெடுவரிசை முழுக்க எழுத்தாகத்தான் உள்ளே வரும். எண்ணாக மாற்றச் சொன்னால் கமா உள்ளவை எல்லாம் என்ஏ (மதிப்பு இல்லை என்ற குறி) ஆகி, கோயர்ஷனால் என்ஏ வந்தது என்று எச்சரிக்கை. 'கட்டாய வகைமாற்றம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். நீளம்.

— கிண்டி

அம்மா, நன்னூலிலேயே இருக்கிறதே! செய்யுளுக்காகச் சொல் மாறும் செய்யுள் விகாரம் ஒன்பதில் வலித்தல் ஒன்று, மெல்லெழுத்து வல்லெழுத்தாவது. 'குறுந்தாள்' ஓசைக்காகக் 'குறுத்தாள்' ஆகிறது. சொல் தானாக மாறவில்லை, யாப்பு மாற்றுகிறது. வல், வலி, வல்லினம், வலுக்கட்டாயம் எல்லாம் ஒரே வேர். 'வலித்தல்' என்றே வைக்கலாம். மாறமுடியாமல் என்ஏ ஆவதற்குக் 'கெடுதல்'. சொற்கள் சேரும்போது எழுத்து தோன்றல், திரிதல் (மாறுதல்), கெடுதல் (மறைதல்) என்ற வரிசையும் பொருந்திவருகிறது.

— மயிலாப்பூர்

ஐயா, முதலாண்டுப் பிள்ளைகள் வலித்தல் என்றதும் நோவைத்தான் நினைப்பார்கள். 'திரிபு' என்றால் தரவில் யாரோ பொய் கலந்ததாகப்படும். அப்புறம், எண்ணாக்கு என்று நாமே கேட்டு மாற்றும்போது கட்டாயம் எங்கே வந்தது? 12-ஐயும் 'இல்லை'யையும் ஒரே திசையனில் (ஒரே வகை மதிப்புகளின் வரிசையில்) சேர்த்தால் 12 சத்தமில்லாமல் எழுத்தாகிறதே, கட்டாயம் அதுதான். அங்கே எச்சரிக்கைகூட வராது.

கையேட்டில் இதையும் சேருங்கள்: 2020-இல் வந்த 4.0.0 பதிப்புக்கு முன் எழுத்து நெடுவரிசை தானாகவே ஃபேக்டர் ஆகிவிடும், அதாவது ஒவ்வொரு வேறுபட்ட மதிப்பும் ஒரு 'நிலை'யாகி வரிசை எண் பெறும். அதை நேரே எண்ணாக்கினால் வருமானம் வராது, நிலைகளின் வரிசை எண்தான் வரும்: 3, 1, 2 என்று. என்ஏ இல்லை, எச்சரிக்கை இல்லை, சராசரியும் வந்துவிடும். முதலில் எழுத்தாக்கி, கமாவை நீக்கி, பிறகுதான் எண்ணாக்க வேண்டும்.

— தரமணி

சரி, 'வகைமாற்றம்' என்றே போடுகிறேன். நாம் கேட்காமல் நடப்பதற்குத் 'தானியங்கு வகைமாற்றம்'. கோடு விடுபட்ட மதிப்பின் குறி என்று ஏற்றும்போதே சொல்லிவிடும் வழியையும், ஃபேக்டர் விஷயத்தையும் சேர்த்துவிட்டேன். இன்றிரவு அச்சுக்குப் போகிறது.

— கிண்டி

அச்சுக்குப் போகட்டும் அம்மா. ஆனால் 'தானியங்கு' என்பதை நான் ஏற்கவில்லை. 12 தானாக எழுத்தாகவில்லை, பக்கத்தில் நின்ற 'இல்லை' அதை மாற்றியது. முன் நிற்கும் சொல்லான நிலைமொழியைப் பின் வரும் வருமொழி மாற்றுவது புணர்ச்சியில் உண்டு. அடுத்த பதிப்புக்குள் விரிவாக எழுதுகிறேன்.

— மயிலாப்பூர்