சீரகச் சம்பாவுக்கு மட்டும் மதிப்பீடு 20ஐத் தாண்டுகிறது, ஏன்?

கேள்வி:
எங்கள் உழவர் குழு சீரகச் சம்பா, தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி நான்கையும் சோறாக்கி, இரண்டிரண்டாகச் சுவைக்கக் கொடுத்து “எது பிடித்தது?” என்று கேட்டது. “இரண்டும் ஒன்றுதான்” என்ற சீட்டுகளை நீக்கிவிட்டு, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில், ஜோடி ஒப்பீடுகளிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விருப்ப மதிப்பைக் கணிக்கும் பிராட்லி-டெர்ரி மாதிரியைப் பொருத்தினேன். ஒரு வாக்குகூட இழக்காத சீரகச் சம்பாவுக்கு மதிப்பீடு 20ஐத் தாண்டுகிறது, திட்டப்பிழையோ (மதிப்பீடு எவ்வளவு நிச்சயமற்றது என்பதன் அளவு) ஆயிரக்கணக்கில். அதை நீக்கிவிடலாமா?

பதில் 1:
நீக்காதீர்கள் ஐயா. இந்த மாதிரியில் இரண்டு அரிசிகளின் மதிப்பு வித்தியாசம் 1.1 என்றால், ஏறத்தாழ நால்வரில் மூவர் முதலாவதைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு முறையும் தோற்காத அரிசிக்கு அந்த வித்தியாசத்தை எவ்வளவு ஏற்றினாலும் பொருத்தம் கூடிக்கொண்டே போகும். உச்சி என்று ஒன்று இல்லை. மென்பொருள் களைத்து நின்ற இடம்தான் உங்கள் 20. மதிப்பீடு இப்படி ஓடாமல் நிற்பதற்கான நிபந்தனையைக் கணிதவியலாளர் ஃபோர்டு 1957இலேயே சொல்லிவிட்டார்: பொருள்களை எப்படி இரு அணியாகப் பிரித்தாலும், ஒவ்வோர் அணியிலிருந்தும் எதிரணிமீது ஒரு வெற்றியாவது வேண்டும். ஆர் மென்பொருளுக்கான ‘பிளாக்கெட்லூஸ்’ என்ற நிரல் தொகுப்பு ஒரு கற்பனைப் பொருளைச் சேர்த்து, எல்லா அரிசிகளுக்கும் அதனுடன் அரை வெற்றி, அரை தோல்வி கொடுக்கும். எண் கட்டுக்குள் வரும்.

பதில் 2:
கற்பனைப் பொருளுக்குப் போகும் முன் அந்தச் சீட்டுகளைத் திரும்ப எடுங்கள்! உணவுச் சுவை ஆய்வில் இருப்பவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: “ஒன்றுதான்” என்பதும் ஒரு தீர்ப்பு. வாயில் போட்டு, மென்று, யோசித்துத்தான் அவர் அப்படிச் சொன்னார். புள்ளியியலாளர் டேவிட்சன் 1970இல் இத்தகைய சமநிலைக்கென்றே (இரண்டும் ஒன்று என்ற தீர்ப்புக்கென்றே) பிராட்லி-டெர்ரி மாதிரியை விரித்தார். அதில், சீரகச் சம்பாவும் தூயமல்லியும் ஒன்று என ஒருவர் சொல்லியிருந்தாலே போதும், வித்தியாசம் முடிவிலிக்கு ஓட முடியாது. ‘பிளாக்கெட்லூஸ்’ தொகுப்பு சமநிலையையும் ஏற்கும்.

இன்னொன்று. கவுனியின் நிறம் ஊருக்கே தெரியும். நாக்கு சொல்வதற்கு முன் கண் சொல்லிவிடும். எங்கள் ஆய்வகத்தில் சிவப்பு விளக்கு போட்டுத்தான் பரிமாறுவோம். முதலில் எதைக் கொடுக்கிறோம் என்பதையும் மாற்றிமாற்றி வைப்போம்.

கேட்டவர்:
சேர்த்துப் பார்த்தேன் அம்மா. தூயமல்லியுடன் பல சமநிலைகள் இருந்தன. சீரகச் சம்பா இப்போதும் முதலிடம்தான், ஆனால் திட்டப்பிழை ஒன்றுக்கும் கீழே. இளையவர்கள் கவுனியை ஒதுக்குவதுபோல் தெரிகிறது. வயதை எப்படிச் சேர்ப்பது?

பதில் 1:
அதே தொகுப்பில் ‘பிஎல்ட்ரீ’ என்ற கட்டளை இருக்கிறது. விருப்பம் எந்த வயதில் மாறுகிறதோ அங்கே தரவை அதுவே பிரிக்கும். உடன் வரும் நிகரகுவா பீன்ஸ் தரவைப் பாருங்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்று ரகம் கொடுத்து, சிறந்தது எது, மோசமானது எது என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் இரண்டிரண்டு சோதனைக்கும் இந்த முறை பொருந்தும். ஒருவரே பல ஜோடிகளைச் சுவைத்திருந்தால், மறு மாதிரியெடுப்பை (முடிவு எவ்வளவு உறுதி என்று பார்க்கத் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுப்பதை) ஜோடிவாரியாக அல்ல, ஆள்வாரியாகச் செய்யுங்கள்.